காணாததும் இல்லாததும்

சொந்தமாகக் கட்டிய லினக்ஸ் கெர்னலில் பாக்கெட் ரேடியோவை ஓட்டும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு முகம் ஒன்றுதான்: ஒன்றும் நடப்பதில்லை. ரேடியோவின் ஸ்பீக்கரில் பாக்கெட்டின் கரகரப்பு காதில் விழுகிறது, திரையில் ஒரு வரியும் வருவதில்லை. அல்லது கட்டளை பிழையின்றி முடிகிறது, எதிர்முனையிலிருந்து பதில் இல்லை. இந்த மௌனத்தைப் பார்த்ததும் 'கெர்னலில் டிரைவர் இல்லை', 'சிக்னல் இல்லை', 'மோடம் போய்விட்டது' என்று ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். மூன்றும் இன்மையைப் பற்றிய கூற்றுகள். மூன்றுக்கும் ஆதாரம் காணாமை. ஒன்றைக் காணவில்லை என்பதிலிருந்து அது இல்லை என்று எப்போது சொல்லலாம் என்பது இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்ட கேள்வி. கடவுள் உண்டா என்ற வழக்கிலும் அது நடுவில் வந்து நின்றது. கெர்னல் கட்டுபவரின் மேசையிலும் அதே கேள்விதான் வேறு உடையில் நிற்கிறது.

தமிழில் அறிவின் வாயில்களுக்கு அளவை என்று பெயர். மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கரைக் கேட்கும் காதை, அளவைவாதி சொல்லும் பத்து அளவைகளோடு தொடங்குகிறது. அவற்றில் ஒன்று அபாவம், அதாவது இன்மை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அளவைகள் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறது. மீமாம்சையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலர் காணாமையைத் தனி அளவையாகவே நிறுத்தினார். பிரபாகரர் அதை ஏற்கவில்லை. தருக்க மரபான நியாயத்தைச் சேர்ந்தவர்கள், குடம் இல்லாத தரையைப் பார்க்கும்போதே குடத்தின் இன்மையும் காட்சியில் சேர்ந்து வந்துவிடுகிறது என்றார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையை அனுமானத்துக்கு ஏதுவாக வைத்தார்.

எந்தப் பெட்டியில் வைப்பது என்பதில் இப்படிச் சண்டையிட்டவர்கள் ஒரு நிபந்தனையில் பெரும்பாலும் ஒன்றுபட்டார்கள். வெறும் காணாமை போதாது; தகுதியுள்ள காணாமை வேண்டும். குடம் அங்கே இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். கண் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இத்தனையும் இருந்தும் குடம் தென்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் குடம் தென்படாதது இருட்டைப் பற்றிய செய்தி, குடத்தைப் பற்றியது அன்று. இயல்பாகவே கண்ணுக்குப் படாத பிசாசை எடுத்துக்காட்டாக வைத்தும் தர்மகீர்த்தியின் மரபில் பேசினார்கள்: பட்டப்பகலில் எவ்வளவு தேடியும் பிசாசு தென்படவில்லை என்பதால் அது இல்லை என்று நிறுவப்பட்டதாகாது. உண்டென்றும் ஆகாது. ஐயம் மட்டும் மிஞ்சும்.

இனி மேசைக்கு வரலாம். அமெச்சூர் வானொலிக்காரர்கள் கணினித் தரவை அலைவழியே துண்டு துண்டாக அனுப்பும் சோதனையை 1978ல் கனடாவின் மான்ட்ரியலில் தொடங்கினார்கள். அதற்கென வகுக்கப்பட்ட ஏஎக்ஸ்.25 நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 1984ல் வெளிவந்தது. டிஎன்சி என்ற மோடப் பெட்டிக்கும் கணினிக்கும் இடையே பாக்கெட்டை அப்படியே கைமாற்றும் எளிய முறையான கிஸ் 1987ல் வந்தது. 1990களில் வேல்ஸின் ஸ்வான்ஸியில் இருந்த ஆலன் காக்ஸ் ஏஎக்ஸ்.25ஐ லினக்ஸ் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். அதனால் ஒரு வானொலி இணைப்பும் ஈதர்நெட் அட்டையைப்போல, ஏஎக்ஸ்0 என்ற பெயரில், ஒரு பிணைய இடைமுகமாகவே கணினிக்குத் தெரியும். அழகான வடிவமைப்பு. ஆனால் வானொலி நிரலைத் தேவையென்று நினைக்காத லினக்ஸ் விநியோகங்கள் அதை அணைத்தே வெளியிடுகின்றன. அப்போது கெர்னலைத் தானே கட்ட வேண்டியதுதான்.

முதல் மௌனம் கட்டுமானக் கோப்பிலேயே பிறக்கிறது. கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பதிவு செய்யும் அந்தக் கோப்பு சில ஆயிரம் வரிகள் நீளும். அதில் ஒரு வசதி இல்லை என்பது இரண்டு விதமாக எழுதப்படுகிறது. வேண்டாம் என்று முடிவான வசதிக்கு, அதன் பெயரும் 'அமைக்கப்படவில்லை' என்று பொருள்படும் குறிப்பும் கொண்ட ஒரு வரி இருக்கும். சார்ந்திருக்கும் மேல்வசதியே அணைந்திருந்தால் அந்த வரிகூட இருக்காது. ஏஎக்ஸ்.25 என்பது 'அமெச்சூர் வானொலி' என்ற தலைப்புக்குக் கீழ் வருவது. தலைப்பைத் தொடாமல், ஏஎக்ஸ்.25 வேண்டும் என்ற வரியை மட்டும் கையால் கோப்பில் எழுதிச் சேர்த்துவிட்டுக் கட்டுமானத்தைத் தொடங்கினால், கருவி கோப்பைத் திரும்ப எழுதும்போது அந்த வரியை எடுத்துவிடுகிறது. பெரும்பாலும் எச்சரிக்கையே இருக்காது. இரண்டு மணி நேரம் கழித்துக் கட்டி முடித்த கெர்னலில் ஏஎக்ஸ்.25 கிடையாது, கட்டியவரோ தன் கையால் எழுதிய வரியை நினைவில் வைத்துக்கொண்டு கோளாறை வேறெங்கோ தேடுவார்.

இந்த இரண்டு இன்மைகளும் ஒன்றல்ல. முதலாவதில் 'இல்லை' என்பது எழுத்தாகவே இருக்கிறது, அதைக் காணலாம். இரண்டாவதில் எழுத்தும் இல்லை. வைசேடிகமும் நியாயமும் இன்மையை ஒரு பொருளாகவே எண்ணி அதை நான்காகப் பிரித்தன: தோன்றுமுன் இல்லாதது, அழிந்தபின் இல்லாதது, எப்போதும் இல்லாதது, ஒன்று மற்றொன்றாக இல்லாதது. இல்லாததை இப்படி வகை பிரிப்பது வீண் வேலை என்று நினைப்பவருக்கு அந்தக் கோப்பே பதில். 'அமைக்கப்படவில்லை' என்ற வரி இருந்தால் அதைத் திருத்தினால் போதும். வரியே இல்லாவிட்டால் திருத்த அங்கே ஒன்றுமில்லை. ஒரு படி மேலேறித் தலைப்பைத் திறக்க வேண்டும். இன்மையின் வகை மாறினால் மருந்தும் மாறுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் தற்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை, அதாவது தேவைக்கேற்ப ஏற்றும் நிரல் துண்டுகளை, மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும் குறுக்குவழி ஒன்று கட்டுமானக் கருவியிலேயே உண்டு. கட்டும் நேரத்தை அது வெகுவாகக் குறைக்கும். ஆனால் அந்தக் கட்டளையைக் கொடுத்த நிமிடத்தில் டிஎன்சியின் யூஎஸ்பி கம்பி செருகப்பட்டிருக்காவிட்டால், அந்தக் கம்பிக்கான சீரியல் டிரைவரும் கழிந்துபோகும். அந்தக் கணத்தில் காணப்படாததை எக்காலத்துக்கும் தேவையற்றது என்று கருவி எடுத்துக்கொள்கிறது. தகுதியற்ற காணாமையிலிருந்து இன்மைக்குத் தாவும் பிழை இங்கே இயந்திரத்தின் கையால் நடக்கிறது. கட்டளைக்கு முன் கம்பியைச் செருகி, போர்ட்டை ஒருமுறை திறந்து, ஏஎக்ஸ்.25 மாட்யூலையும், கிஸ்ஸுக்கான டிரைவரான எம்கிஸ் மாட்யூலையும் கையால் ஏற்றி வைப்பது விளக்கேற்றிவிட்டு அறையைப் பார்ப்பதற்குச் சமம்.

மாட்யூல் கோப்பு வட்டில் இருந்தும் ஏறாமல் மறுப்பதும் உண்டு. பெரும்பாலும் காரணம், ஓடுகிற கெர்னல் ஒன்று, மாட்யூல் கட்டப்பட்டது மற்றொன்றுக்கு என்பதே. பூட் லோடர் பழைய கெர்னலையே எழுப்பியிருக்கும். அல்லது பதிப்பு எண் ஒன்றாக இருந்து, பின்னொட்டு மட்டும் மாறியிருக்கும். ஓடும் கெர்னலின் முழுப்பெயரையும், மாட்யூல் அடைவின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஐந்து நொடியில் தீர்ந்துவிடும் சிக்கல் இது. ஒன்று மற்றொன்றாக இல்லாத இன்மை.

அடுத்து, கணினி வாய்திறந்து பேசும் இடம். கிஸ் அட்டாச் என்ற கட்டளை சீரியல் போர்ட்டைத் திறந்து, அதில் வரும் பைட்டுகளை எம்கிஸ் டிரைவரிடம் ஒப்படைக்கும்படி கெர்னலைக் கேட்கிறது. கெர்னல் மறுத்தால் திரையில் இரண்டு பகுதியாகச் செய்தி வரும். முதல் பகுதி, கொடுத்த மதிப்பு செல்லாது என்று சொல்லும். இரண்டாம் பகுதி ஒரு கேள்வி: கெர்னலில் எம்கிஸ் ஆதரவு போட்டிருக்கிறீர்களா, மாட்யூலாக வைத்திருந்தால் ஏற்றியிருக்கிறீர்களா, உறுதிதானா? இரண்டும் அடுத்தடுத்து வருவதால் படிப்பவர் ஒரே குரலாக எடுத்துக்கொள்கிறார். உண்மையில் பேசுகிறவர்கள் இருவர். செல்லாது என்றது கெர்னல். அது தன் நிலையைத் தானே சொல்கிறது. கேள்வி கேட்பது, அந்தக் கட்டளையைப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியவர். இந்தப் படி தவறினால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும் என்று அவர் ஊகித்துப் பதித்து வைத்த உரை அது. நியாயத்தில் உரை அளவையாவதற்குச் சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். பொருளை உள்ளபடி அறிந்தவராகவும் அறிந்ததை உள்ளபடி சொல்பவராகவும் இருக்க வேண்டும். அந்த நிரலாளர் நம்பத்தக்கவர்தான். ஆனால் இன்று இந்தக் கணினியில் நடப்பதை அவர் கண்டவர் அல்லர். அவர் சொல் வழிகாட்டும், தீர்ப்பாகாது. ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலையும், கெர்னல் தன் ஏட்டில் எழுதிவைக்கும் பதிவுகளையும் பார்த்து அதைக் காட்சியால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இனித்தான் கடினமான மௌனம். மாட்யூல் ஏறிவிட்டது, ஏஎக்ஸ்0 எழுந்து நிற்கிறது, பாக்கெட்டுகளைக் காட்டும் லிஸன் என்ற கட்டளை காத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. இங்கே காணாமைக்குத் தகுதி இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கண்ணியிலும் தனித்தனியே கேட்க வேண்டும்.

லிஸன் சாதாரணமாக ஓடும்போது வெளியிலிருந்து வருவதை மட்டுமே காட்டும். தான் அனுப்பிய பாக்கெட் திரையில் வரவில்லையே என்று கவலைப்படுபவர், போவதையும் சேர்த்துக் காட்டும்படி அதற்குச் சொல்லியிருக்க மாட்டார். கண் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சிலர் லிஸனையும் நம்பாமல் சீரியல் போர்ட்டின் பச்சை பைட்டுகளையே கொட்டிப் பார்ப்பார்கள். நல்ல பழக்கம், ஆனால் அங்கும் ஒரு குழி இருக்கிறது. ஏஎக்ஸ்.25 முகவரிப் பகுதியில் அழைப்புக்குறியின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு பிட் இடப்பக்கம் தள்ளி எழுதப்படுகிறது. இந்திய நிலையங்களின் குறி வழக்கமாக 'வி' எழுத்தில் தொடங்கும். ஆஸ்கியில் பதினாறடிமானத்தில் 56 என்று இருக்க வேண்டிய அந்த எழுத்து, கம்பியில் ஏசி என்று வரும். கொட்டிய பைட்டுகளில் 56ஐத் தேடுபவர் கண்ணெதிரே தன் அழைப்புக்குறி ஓடிக்கொண்டிருக்க, அது இல்லை என்று எழுந்து போய்விடுவார். கண்ணும் வெளிச்சமும் இருந்தும், தேடும் பொருளின் உருவம் தெரியாததால் காணாமை பொய்த்துப்போகிறது. அளவை நூல்கள் காட்சிக்கு வைத்த நிபந்தனைகளில் பொருளைப் பற்றிய இந்த முன்னறிவையும் சேர்த்துக்கொள்வது தகும்.

மோடத்திலும் ஒரு திரை தொங்குகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் முடிவிலும் 16 பிட் சரிபார்ப்பு எண் வரும். அது பொருந்தாத பாக்கெட்டை டிஎன்சி சத்தமில்லாமல் எறிந்துவிடுகிறது. கணினியின் பக்கம் இருந்து பார்த்தால், வராத பாக்கெட்டும் சிதைந்து வந்த பாக்கெட்டும் ஒன்றே. ரேடியோவின் ஒலி அளவு கூடிப்போய் முனை மழுங்கினாலும், எதிர்நிலையம் அனுப்பும் முன் விடும் இடைவெளி குறைந்து பாக்கெட்டின் தலை வெட்டுப்பட்டாலும், கெர்னலுக்குத் தெரிவது வெறுமைதான். கிஸ் முறையில் அந்த இடைவெளியின் வழக்கமான மதிப்பு 50. 10 மில்லிசெகண்ட் கணக்கில் அரை வினாடி. காதாலும் எல்லாம் தெரிந்துவிடாது. வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் அலை 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளுக்கிடையே மாறி மாறிக் கரகரக்கும். 9600 வேகச் சிக்னல் காதுக்கு வெறும் இரைச்சலைப்போலவே கேட்கும். காதால் கேட்டு 'சிக்னலே இல்லை' என்று சொல்ல முதல் வகையில் ஓரளவு உரிமை உண்டு, இரண்டாம் வகையில் அறவே இல்லை. தர்மகீர்த்தியின் பிசாசு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் காணாமைக்குத் தகுதியை எப்படி வரவழைப்பது? அளவை நூல்கள் நிபந்தனையைச் சொன்னதோடு நின்றன. மேசையில் அந்த நிபந்தனையைக் கையால் உண்டாக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் பெருமை. இருப்பது உறுதியான ஒன்றை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். டிஎன்சியைக் கழற்றிவிட்டு, சீரியல் கம்பியின் அனுப்பும் ஊசியையும் பெறும் ஊசியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஒரு பாக்கெட்டை அனுப்பினால், அதே பைட்டுகள் திரும்பி வர வேண்டும். வந்தால் கெர்னல், டிரைவர், போர்ட் மூன்றுக்கும் பார்வை உண்டு என்று நிரூபணம். அதன்பின் டிஎன்சியை மாட்டி, அப்போதும் மௌனம் என்றால் அந்த மௌனத்துக்கு முதல்முறையாகப் பொருள் கிடைக்கிறது: கோளாறு துண்டுக் கம்பி இருந்த இடத்துக்கு அப்பால். குடம் இல்லை என்று சொல்லும் முன், ஒரு குடத்தைத் தானே கொண்டுவந்து வைத்து, அது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்ப்பது இது.

வானத்திலும் அப்படி ஒரு குடம் இருக்கிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள அமெச்சூர் கருவி 145.825 மெகாஹெர்ட்ஸில் பாக்கெட்டுகளை வாங்கித் திரும்ப ஒலிபரப்புவது வழக்கம். நிலையம் பூமியை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. ஓர் ஊருக்கு மேல் அடிவானத்திலிருந்து அடிவானம்வரை அதிகம் போனால் பத்துப் பதினோரு நிமிடம்தான். அது அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போது வரும் மௌனத்துக்கு மதிப்பில்லை. தலைக்கு மேலே இருக்கும்போதும் கருவி அணைந்திருக்கலாம் என்பதால், பக்கத்தில் கையடக்க ரேடியோ ஒன்றைத் திறந்துவைத்துக் கேட்க வேண்டும். அதில் கரகரப்பு கேட்டு, கெர்னலில் ஒன்றும் வராவிட்டால் அந்தக் காணாமை சான்று.

தகுதி என்ற இதே நிபந்தனையைக் கொண்டுதான் 10ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த நியாயப் பேராசிரியர் உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலியில் கடவுள் மறுப்பாளர்களை எதிர்கொண்டார். கண்ணுக்குத் தெரியாததால் கடவுள் இல்லை என்று, காட்சியை மட்டுமே நம்பும் சார்வாகர் சொன்னால், வீட்டை விட்டு வெளியே வந்த சார்வாகர் மனைவி மக்களைக் காணாததால் அவர்கள் இல்லை என்று அழ வேண்டிவருமே என்று கேட்டார். காட்சிக்குத் தகுதியுள்ள பொருளைக் காணாததுதான் மறுப்பாகும். தகுதியற்றதைக் காணாதது மறுப்பாகாது என்பது அவர் வாதம். வாதத்தின் எல்லையையும் கவனிக்க வேண்டும். அது மறுப்பை மட்டுமே தடுக்கிறது, நிறுவுவதில்லை. கடவுளை நிறுவ உதயணருக்கு வேறு ஏதுக்கள் தேவைப்பட்டன, அவற்றைத் தனியே அடுக்கினார். இந்த நேர்மை மேசைக்கும் பொருந்தும். 'கெர்னலில் கோளாறு இல்லை என்று உன்னால் காட்ட முடியாது' என்று வாதிட்டு, கோளாறு கெர்னலில்தான் என்று முடிப்பவர் உதயணரிடமிருந்து பாதியை மட்டுமே கற்றவர்.

சித்தியார் சொல்லும் அளவைகளில் ஒழிபு என்று ஒன்று உண்டு. இருக்கக்கூடியவற்றுள் ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதைக் கொள்வது. பழுது பார்ப்பவர்கள் ஓயாமல் பயன்படுத்துவது இதைத்தான். அதன் பலம் முழுவதும் பட்டியலின் முழுமையில் இருக்கிறது; பட்டியலில் ஒன்று விடுபட்டால் எஞ்சியது தவறானதாக இருக்கலாம். நேற்றைய கெர்னலில் ஓடிய ஏஎக்ஸ்.25 இன்றைய கெர்னலில் ஓடவில்லை என்றால் மட்டும் பட்டியல் முழுமையாகக் கையில் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே சேர்ந்த ஒவ்வொரு மாற்றமும் கிட் என்ற ஏட்டில் பதிவாகியிருக்கிறது. நடுவிலுள்ள மாற்றத்தை எடுத்துக் கட்டிப் பார்த்து, நன்று அல்லது பழுது என்று குறித்தால் பாதி கழிந்துவிடும். ஆயிரம் மாற்றங்களைப் பத்தே கட்டுமானங்களில் ஒன்றாக ஒடுக்கலாம். இதில் மூன்றாவதாக ஒரு பதிலுக்கும் இடம் உண்டு என்பது மிகவும் மதிக்கத்தக்க ஏற்பாடு. நடுவில் எடுத்த கெர்னல் வேறு காரணத்தால் எழும்பவே இல்லை என்றால், ஏஎக்ஸ்.25ஐப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதை நன்றென்றோ பழுதென்றோ குறிக்காமல் தாண்டிப்போகச் சொல்லலாம். நியாயம் தன் பதினாறு பொருள்களில் ஐயத்தையும் ஒன்றாக எண்ணியது; இங்கே ஐயத்துக்கென்று ஒரு கட்டளையே இருக்கிறது. அவசரத்தில் அதைப் பழுது என்று குறித்துவிட்டால் தேடல் தவறான பாதிக்குள் இறங்கி, குற்றமற்ற ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்.

இன்மை வர வேண்டிய இடத்தில் வராமல் போவதும் ஒரு கோளாறு. ஓர் இடைமுகத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் எண்ணி வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால்தான் அதை அழிக்கும். விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொடும் ஆபத்தான பிழைகளுக்காக 2022ல் ஏஎக்ஸ்.25 நிரலில் திருத்தங்கள் சேர்ந்தபோது இந்தக் கூட்டல் கழித்தலில் சமன் தவறியது. 2024லும் அதைச் சரிசெய்யும் திருத்தங்கள் வந்தன. அந்த இடைப்பட்ட கெர்னல்களில் கணினியை நிறுத்தும்போது, ஏஎக்ஸ்0 விடுபடுவதற்காகக் காத்திருப்பதாக ஒரு வரி பத்து வினாடிக்கு ஒருமுறை திரையில் வந்துகொண்டே இருக்கும், எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லியபடி. கம்பியை உருவியாயிற்று, டிஎன்சியின் விளக்கு அணைந்தாயிற்று, பயன்படுத்துபவர் யாரும் இல்லை. ஏட்டில் மட்டும் யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்த எண் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்று கூடுகிறதா, அல்லது இணைப்பே இல்லாமல் இடைமுகத்தை ஏற்றி இறக்கினாலும் கூடுகிறதா என்று இரண்டு முறை ஓட்டிப் பார்த்தால், சமன் தவறிய இடம் இணைப்பை ஏற்கும் பகுதியா, இடைமுகத்தைப் பதிவு செய்யும் பகுதியா என்பது பிரிந்துவிடும்.